மாநிலம் அனுமதித்தாலும் விசா அனுமதிக்காது: அமெரிக்கா செல்லும் அம்மாவுக்குக் கஞ்சா மிட்டாய் வாங்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பாதங்களில் எரிச்சலும் மரத்துப்போன உணர்வும் இன்னும் போகவில்லை. இரவில் சரியான தூக்கமும் இல்லை. நரம்பு வலிக்கான பிரீகாபலின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். தம்பி நியூஜெர்சியில் எச்1பி விசாவில் வேலை பார்க்கிறான். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறான். சென்ற முறை அம்மா அங்கே போயிருந்தபோது, தம்பியின் நண்பர் வீட்டில் தூக்கத்துக்கு நல்லது என்று ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். அது கஞ்சா கலந்தது என்று மறுநாள்தான் அம்மாவுக்குத் தெரியவந்தது. ஆனாலும் அன்று இரவு நன்றாகத் தூங்கியதாகச் சொல்கிறார். வரும் ஜூனில் மறுபடியும் போகிறார். "இங்கே சட்டப்படிதான் விற்கிறார்கள், அம்மாவுக்கு மெடிக்கல் கார்டு எடுத்துவிடலாம், லாஸ் வேகஸ், கிராண்ட் கேன்யன் போகும்போதும் கையில் வைத்துக்கொள்ளலாம்" என்கிறான் தம்பி. இது சரிதானா? திரும்பி வரும்போது கொஞ்சம் கொண்டுவர முடியுமா? போன முறை சாப்பிட்டது விசாவுக்குச் சிக்கலாகுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி, அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் பணிபுரியும் வழக்கறிஞர் என்ற முறையில், முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா அங்கே இருக்கும் நாட்களில் கஞ்சா கலந்த எதையும் வாங்கவோ, கையில் வைத்துக்கொள்ளவோ, சாப்பிடவோ வேண்டாம். தம்பியும் அவருக்காக வாங்க வேண்டாம். கீமோவுக்குப் பின் வரும் நரம்பு எரிச்சல் எவ்வளவு கொடுமையானது என்பதை என் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன். ஒரு நாள் இரவு நிம்மதியாகத் தூங்கியவர் அதையே மறுபடியும் தேடுவதில் தவறு காண எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ஒரு மிட்டாய்க்காக அவர் பணயம் வைப்பது, மகனையும் பேரக்குழந்தைகளையும் போய்ப் பார்க்கும் வாய்ப்பை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தம்பி சொல்வதில் பாதி உண்மை. நியூஜெர்சியில் 21 வயது நிரம்பிய எவரும் உரிமம் பெற்ற கடையில் கஞ்சாப் பொருள்களை வாங்கலாம். 2021 பிப்ரவரியில் சட்டம் வந்து, 2022 ஏப்ரல் 21 அன்று பொது விற்பனை தொடங்கியது. 1996-இல் கலிபோர்னியா வாக்காளர்கள் மருத்துவக் கஞ்சாவுக்கு முதன்முதலில் அனுமதி அளித்ததிலிருந்து இன்றுவரை சுமார் 40 மாநிலங்கள் ஏதாவது ஒரு வகையில் மருத்துவப் பயன்பாட்டை ஏற்றுள்ளன. 24 மாநிலங்கள் பொதுப் பயன்பாட்டையும் அனுமதிக்கின்றன. தம்பி பார்க்கத் தவறிய மறுபாதி, அமெரிக்க மத்திய அரசின் சட்டம். 1970-ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. அதை மூன்றாம் பட்டியலுக்கு மாற்ற 2024 மே மாதம் அந்நாட்டு நீதி அமைச்சகம் முன்மொழிந்தது. 2025 டிசம்பரில் அதிபரும் அந்த வேலையை விரைவுபடுத்த உத்தரவிட்டார். இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, இனிமேல் பயமில்லை என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். குடிவரவுச் சட்டமோ எந்தப் பட்டியல் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஐந்து பட்டியல்களில் எதில் இருந்தாலும் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருளே. மாநிலக் கடையில் விற்கும் மிட்டாய், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அங்கீகரித்து மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் மருந்தாக ஒரே நாளில் மாறிவிடப் போவதும் இல்லை.

விசா, விமான நிலைய நுழைவு, கிரீன் கார்டு, குடியுரிமை ஆகிய நான்கும் மத்திய அரசின் கையில் இருக்கின்றன. நியூஜெர்சியின் சட்டம் நியூஜெர்சிக் காவலரைக் கட்டுப்படுத்தும். நியூவர்க் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கும் மத்திய அதிகாரியை அது கட்டுப்படுத்தாது. மேலும், குடிவரவுச் சட்டத்தின் 212-ஆம் பிரிவின்படி, போதைப்பொருள் குற்றத்துக்காக ஒருவர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அந்தக் குற்றத்தின் கூறுகளை அவரே ஒப்புக்கொண்டால் போதும், நாட்டுக்குள் நுழையத் தகுதியற்றவர் என்று முடிவெடுக்கலாம். கைது இல்லை, வழக்கு இல்லை, அபராதம்கூட இல்லை. ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்ன பதில் மட்டுமே விசாவை ரத்து செய்யக் காரணமாகிவிடுகிறது. இந்த இடத்தைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் நம்ப மறுக்கிறார்கள்.

மருத்துவத்துக்காகக் கஞ்சா வாங்க மாநிலம் தரும் மெடிக்கல் கார்டு பற்றி. ஹவாய் மாநிலம் வெளிமாநில நோயாளிகளுக்கு 60 நாள் அட்டை தருகிறது. யூட்டா 21 நாள் அட்டை தருகிறது. நெவாடாவின் கடைகள் பிற மாநில அட்டைகளை அப்படியே ஏற்றுக்கொள்கின்றன. ஓக்லஹோமாவும் ஆர்கன்சாவும் விண்ணப்பித்தால் தற்காலிக அனுமதி தருகின்றன. ஃப்ளோரிடா, பென்சில்வேனியா போன்றவை வெளியூர் அட்டையை ஏற்பதே இல்லை. இப்படி மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. ஆனால் இந்த விதிகளில் வரும் "வருகை தரும் நோயாளி" என்பவர் பொதுவாக இன்னொரு அமெரிக்க மாநிலத்தில் குடியிருந்து, அந்த மாநிலத்தின் அட்டையைக் கையில் வைத்திருப்பவர். திருச்சியில் உங்கள் அம்மாவைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவர் எழுதிய கடிதமோ, விஜயா என்ற பெயரில் இங்கே உரிமத்துடன் விற்கப்படும் கஞ்சா இலை சேர்ந்த ஆயுர்வேத மருந்தின் சீட்டோ அந்த அட்டைக்கு ஈடாகாது. தம்பியின் முகவரியைக் கொடுத்து, அம்மா அங்கேயே குடியிருப்பதாகக் காட்டி அட்டை எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதை உடனே மறுத்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் தன்னை அந்த மாநிலவாசி என்று அரசுத் தாளில் எழுதிக் கையெழுத்திடுவது, கஞ்சாவைவிடப் பெரிய வம்பை இழுத்துவரும். அப்படியே அட்டை கிடைத்தாலும், மத்திய சட்டம் தடைசெய்த பொருளைப் பயன்படுத்துகிறேன் என்று தன் பெயரிலேயே ஓர் ஆவணத்தை உருவாக்கிக்கொண்டதாகத்தான் ஆகும்.

அட்டை இல்லாமல், 21 வயது நிரம்பியவர் என்ற முறையில் கடைக்குள் போகலாமே என்று கேட்கலாம். அங்கே என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். வாசலில் காவலாளி வயதைச் சரிபார்க்கப் பாஸ்போர்ட்டைக் கேட்பார். பல கடைகளில் அதை ஸ்கேன் செய்வார்கள். மத்திய சட்டத்துக்கு அஞ்சிப் பெரிய வங்கிகளும் கடன் அட்டை நிறுவனங்களும் இந்த வியாபாரத்திலிருந்து விலகி நிற்பதால், பெரும்பாலும் ரொக்கமாகவோ டெபிட் கார்டிலோ பணம் செலுத்த வேண்டியிருக்கும். தள்ளுபடி வேண்டுமானால் கைபேசி எண்ணைக் கொடுங்கள் என்பார்கள். கொடுத்தால், வாரந்தோறும் கடையின் பெயரோடு சலுகைக் குறுஞ்செய்தி வந்துகொண்டிருக்கும். மகள் பார்க்கட்டும் என்று அம்மா அந்த டப்பாவைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அடுத்த பயணத்தில் விமான நிலையத்தில் கைபேசியைத் திறந்து காட்டச் சொல்லும் அதிகாரம் எல்லை அதிகாரிக்கு உண்டு. குறுஞ்செய்தி, படம், ரசீது என்று அவர் கேள்விகளைத் தொடங்குவதற்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கும்.

தம்பியின் நிலையை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அவரைப் பற்றித்தான் அதிகக் கவலை. கஞ்சா விஷயத்தில் குடிவரவுச் சட்டம் ஓரளவு இரக்கம் காட்டும் இடம் ஒன்றே ஒன்றுதான்: 30 கிராமுக்கு மிகாமல், சொந்தப் பயன்பாட்டுக்காக, ஒரே ஒரு முறை வைத்திருந்த குற்றம். நாட்டைவிட்டு வெளியேற்றுவது பற்றிய விதியில் அதற்கு விலக்கு உண்டு. குடியேற்ற விசாவுக்கான தகுதியின்மையில் மன்னிப்புக் கோரவும் அது வழிவிடுகிறது. அம்மாவுக்காக வாங்கிக் கொடுப்பது சொந்தப் பயன்பாடு ஆகாது. மத்திய சட்டத்தின் பார்வையில் காசு வாங்காமல் கொடுப்பதும் விநியோகமே. ஒரு மகன் தாய்க்குச் செய்யும் உதவியை இப்படிப் பார்ப்பது அநியாயம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் கிரீன் கார்டுக்கான இறுதி விண்ணப்பப் படிவம், போதைப்பொருள் தொடர்பான எந்தச் சட்டத்தையாவது எப்போதாவது மீறியிருக்கிறீர்களா என்று நேரடியாகவே கேட்கிறது. அதற்கான மருத்துவப் பரிசோதனையில் அரசு நியமித்த மருத்துவரும் போதைப்பொருள் பயன்பாடு பற்றிக் கேட்டு, பதிலைப் படிவத்தில் எழுதுவார். பின்னாளில் குடியுரிமைக்குப் போகும்போதும் இதே கேள்வி காத்திருக்கிறது. மாநிலச் சட்டப்படி நடந்த கஞ்சாப் பயன்பாடுகூட நன்னடத்தைத் தகுதியைப் பாதிக்கலாம் என்று குடியுரிமைத் துறை 2019 ஏப்ரலில் எழுத்துபூர்வமாக அறிவித்தது. பல ஆண்டுகளாக வரிசையில் நிற்கும் ஓர் இந்திய ஊழியர் எடுக்கக் கூடாத ஆபத்து இது. 2022 அக்டோபரில் அதிபர் பைடன், கஞ்சா வைத்திருந்த மத்தியக் குற்றத்துக்குப் பொதுமன்னிப்பு வழங்கினாரே என்றால், அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு பெற்று நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும் மட்டுமே. எச்1பி விசாவில் இருப்பவருக்கும் சுற்றுலா விசாவில் வருபவருக்கும் அதில் இடமில்லை.

இனி அந்த லாஸ் வேகஸ் பயணம். நியூவர்க்கில் விமானம் ஏறும் இடத்தில் சோதனையிடும் அதிகாரிகள் கஞ்சாவைத் தேடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கண்ணில் பட்டால் காவல்துறையிடம் ஒப்படைப்பார்கள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவது, இரண்டு மாநிலங்களிலும் விற்பனைக்கு அனுமதி இருந்தாலும், மத்தியக் குற்றம். லாஸ் வேகஸ் விமான நிலையத்திலேயே, கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போகட்டும் என்று 2018 முதல் பச்சை நிறப் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள். நகருக்குள் வாங்கினாலும், பொது இடத்தில் புகைத்தால் 600 டாலர் வரை அபராதம். சூதாட்ட விடுதிகள் தங்கள் உரிமத்துக்கு அஞ்சி வளாகத்துக்குள் அனுமதிப்பதில்லை. அங்கிருந்து கிராண்ட் கேன்யனின் தென்முனைக்குச் சுமார் 450 கிலோமீட்டர். நெவாடாவில் காரில் ஏறுகிறீர்கள், மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. வழியில் ஹூவர் அணையைப் பார்க்கத் திரும்பினால், அது மத்திய அரசின் சொத்து. வாகனங்களைச் சோதிக்கும் சாவடி அங்கே இருக்கிறது. சுற்றியுள்ள மீட் ஏரிப் பகுதி தேசியப் பூங்கா சேவையின் கீழ் வருவது. ஆற்றைக் கடந்தால் அரிசோனா. 2020 முதல் அங்கும் பொது அனுமதி உண்டு. ஆனால் மாநில எல்லையைக் கடந்த அந்த நொடியிலேயே மத்தியச் சட்டத்தை மீறியாகிவிட்டது. முடிவில் சென்று சேரும் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில், சிறு அளவு வைத்திருந்தாலும் ஆறு மாதம் வரை சிறையும் 5,000 டாலர் வரை அபராதமும் விதிக்க விதி இருக்கிறது. கண்ணாடிப் பாலம் இருக்கும் மேற்கு முனைக்குப் போனால், அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். அங்கே அவர்களின் சொந்தச் சட்டம் நடக்கிறது. ஒரே நாள் பயணத்தில் ஒரே டப்பா எத்தனை முறை குற்றமாகவும் குற்றமில்லாததாகவும் மாறுகிறது பாருங்கள். தேசியப் பூங்காவில் காவலர் எழுதித் தரும் ஒரு சீட்டு, அபராதம் கட்டிவிட்டால் முடிந்துபோகும் போக்குவரத்துச் சீட்டைப் போலத் தோன்றும்; அபராதத்தைக் கட்டுவதே தண்டனையை ஏற்றதாகப் பதிவாகலாம் என்பதால், அப்படி ஒன்று கையில் வந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

தென்மேற்கு மாநிலங்களில் மெக்சிகோ எல்லைக்கு உட்புறமாக, நெடுஞ்சாலைகளிலேயே எல்லைக் காவல்படையின் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன என்பதையும் தம்பியிடம் சொல்லிவையுங்கள். டெக்சாஸில் நண்பர்கள் இருந்து அங்கே போவதாக இருந்தால் இன்னும் கடுமை: கஞ்சாச் சாறு கலந்த மிட்டாயை அம்மாநிலச் சட்டம் இலையைவிடக் கடுமையாகப் பார்க்கிறது, ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் அது பெருங்குற்றம்.

போன முறை சாப்பிட்டது பற்றி அம்மா அஞ்ச வேண்டாம். மத்தியச் சட்டம் தண்டிப்பது, தெரிந்தே வைத்திருப்பதை. என்னவென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டவரிடம் அந்தத் 'தெரிந்தே' என்ற கூறு இல்லை. அதோடு, ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று சொல்வதற்குச் சில நிபந்தனைகள் உண்டு என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 1957-லேயே தீர்ப்பளித்திருக்கிறது: அந்தக் குற்றம் எது, அதன் கூறுகள் எவை என்பதை அவருக்குப் புரியும் விதத்தில் முதலில் விளக்க வேண்டும், அவரும் தம் விருப்பத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நடைமுறை வேறாக இருக்கிறது. பதினாறு, பதினேழு மணி நேரம் பறந்து வந்த களைப்பில் தனி அறையில் உட்காரவைத்து, அதிகாரி கேள்வி கேட்டு, பதிலைத் தாமே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் வாங்குவார். "கஞ்சா சாப்பிட்டிருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு "ஆமாம், ஒரு தடவை" என்று மட்டும் பதில் பதிவானால், தெரியாமல் கொடுத்தார்கள் என்ற முக்கால்வாசி உண்மை அந்தத் தாளில் இருக்காது. வருகையாளருக்கு அந்த அறையில் வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்; தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்வார்கள். ஓரளவு ஆங்கிலம் தெரிந்தாலும் அம்மா தமிழிலேயே பதில் சொல்லட்டும். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும் வரை கையெழுத்திட வேண்டாம்.

பொய் மட்டும் எந்த நிலையிலும் கூடாது. கேட்காத ஒன்றைத் தாமாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் நடந்தது நடந்தபடி, தெரியாமல் சாப்பிட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முக்கியமான விஷயத்தில் அதிகாரியிடம் பொய் சொன்னதாக முடிவானால், அந்தத் தடை வாழ்நாள் முழுவதும் நீடிப்பது. மன்னிப்புக் கோரும் வழிகள் இருந்தாலும் அவை குறுகியவை. அம்மாவின் விசா காலாவதியாகிச் சென்னைத் துணைத் தூதரகத்தில் புதிதாக விண்ணப்பிக்கும்போது, படிவத்தில் போதைப்பொருள் சட்டங்களை மீறியதுண்டா என்ற கேள்வி வரும். இதுவரை நடந்ததை வைத்துப் பார்த்தால் அவர் "இல்லை" என்று உண்மையாகவே எழுதலாம். தெரிந்தே ஒரு முறை வாங்கிச் சாப்பிட்ட பிறகு, அதே கட்டத்தில் எதை எழுதினாலும் ஆபத்துதான்: "ஆம்" என்றால் விசா போகும், "இல்லை" என்றால் பொய்யாகும். உங்கள் அம்மா இன்று அந்த இக்கட்டில் இல்லை. ஜூனிலும் அதில் போய் நிற்க வேண்டாம்.

இந்தியாவுக்குக் கொண்டுவருவது பற்றி நான் யோசிக்கவே இடம் தர மாட்டேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் இறக்குமதி தனிக் குற்றம். அமெரிக்கக் கடையின் ரசீதோ மாநில அட்டையோ சென்னைச் சுங்கத்தில் செல்லாது. நம் உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் ஹிரா சிங் வழக்கில் அளித்த தீர்ப்பின்படி, போதைப்பொருளோடு கலந்திருக்கும் மற்றவற்றின் எடையும் சேர்த்தே அளவு கணக்கிடப்படும். அதாவது மிட்டாயில் கஞ்சாச் சாறு மில்லிகிராம் கணக்கில் இருந்தாலும், சர்க்கரையும் ஜெலட்டினும் சேர்ந்த முழு எடை தராசில் ஏறலாம். வரும் வழியில் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ விமானம் மாறினால் அந்தந்த நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சிங்கப்பூரின் கடுமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போதை தராதது என்று சொல்லி விற்கப்படும், கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த சிபிடி எண்ணெயும் வேண்டாம். லேபிளில் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் ஆய்வகத்தில் வேறுபாடு வந்தால், விளக்கம் சொல்ல வேண்டியவர் அதைக் கொண்டுவந்தவரே.

அம்மாவின் வலிக்குச் சட்டப்படியான வழிகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதை அவருடைய புற்றுநோய் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கீமோவால் வரும் நரம்பு வலிக்கு டுலாக்செட்டின் என்ற மருந்தை அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களும் பரிந்துரைக்கிறார்கள். அது கட்டுப்படுத்தப்பட்ட பொருளும் அல்ல, இங்கேயே கிடைக்கிறது. பிரீகாபலின் அமெரிக்காவில் ஐந்தாம் பட்டியலில் இருக்கும் மருந்து. ஆகவே அதை மாத்திரை டப்பியில் கொட்டி எடுத்துப் போகாமல், மருந்தின் பெயர் தெரியும் அசல் அட்டைகளாகவே, மருந்துக் கடை ரசீதோடு கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நோயின் பெயர், மருந்தின் வேதிப்பெயர், ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் தங்குகிறார் என்பவற்றை மருத்துவர் தம் கடிதத் தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். தங்கும் நாட்களுக்கு வேண்டிய அளவு மட்டும் போதும், சுங்கத்தில் கேட்டால் அறிவிக்கவும் வேண்டும். அங்கே இருக்கும்போது வலி கூடினால், தம்பி அவரைக் கடைக்கு அழைத்துப் போகாமல் மருத்துவரிடம் அழைத்துப் போகட்டும். மருத்துவரிடம் போன முறை நடந்ததைச் சொல்வதில் தயக்கம் வேண்டாம், ஏனெனில் ரத்த அழுத்தத்துக்கோ ரத்தம் உறையாமல் இருப்பதற்கோ அவர் சாப்பிடும் மாத்திரைகளோடு அது சேர்ந்தால் தீங்கு வரலாம். கீமோவின் குமட்டலுக்கென்று எஃப்டிஏ அங்கீகரித்த, கஞ்சாவின் வேதிப்பொருளைச் செயற்கையாகத் தயாரித்த டிரோனாபினால் போன்ற மருந்துகளை மருத்துவரே சீட்டில் எழுதி, மருந்துக் கடையில் வாங்கினால் அது முற்றிலும் சட்டப்படியானது. ஆனால் மீதம் இருக்கும் மாத்திரையை இந்தியாவுக்கு எடுத்துவராமல் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.